சத்திரத்தை என்ன செய்வது?

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு படம் சுற்றியது. ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரத்தின் முகப்பு. அதன் கீழே 'தமிழ்நாட்டின் தாஜ்மகால்' என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான், குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. "இப்படிப்பட்ட கட்டடத்தை அருங்காட்சியகமாக்க வேண்டும்" என்றது ஒரு கட்சி. "ராஜஸ்தானில் செய்வது மாதிரி பாரம்பரிய ஓட்டலாக்கினால் அரசுக்கு வருமானம், கட்டடமும் பிழைக்கும்" என்றது இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் என் மதிப்புக்குரியவர்கள். இரண்டு யோசனையும் எனக்கு ஒப்பவில்லை. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னால் சண்டையாகிவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சத்திரம் இன்றைக்கு நமக்குக் கல்யாண மண்டபத்துக்கு இன்னொரு பெயர். இல்லாவிட்டால் பேருந்து நிறுத்தத்தின் பெயர். திருச்சியில் நாள் முழுக்க நடத்துநர்கள் "சத்திரம், சத்திரம்" என்று கூவுகிறார்கள். ஏறுகிறவர்களில் எத்தனை பேர் எந்தச் சத்திரம் என்று யோசித்திருப்போம்? முருங்கையும் தக்காளியும் லாரி லாரியாகப் போகிற ஒட்டன்சத்திரம், கடலோரத்துச் சேதுபாவாசத்திரம், இன்னும் எத்தனையோ சின்ன ஊர்கள் பெயரில் சத்திரத்தைச் சுமந்துகொண்டு நிற்கின்றன. ஒரு சத்திரம் வந்தால் அங்கே ஒரு குளம், கிணறு, பூந்தோட்டம் வரும். சமையலுக்கு ஆள், மாட்டுக்கு வைக்கோல், பானைக்குக் குயவர் என்று நாலு குடும்பம் குடியேறும். வண்டிகள் நின்றால் சந்தை கூடும். ஊர் உண்டாவதற்கு ஆறும் கோயிலும் மட்டுமே காரணம் என்று பாடம் நடத்தியிருக்கிறோம். வழிப்போக்கர் இரவு தங்கிய இடமும் ஊரானது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் காலத்துச் சாலையை மனத்தில் கொண்டு வாருங்கள். இரண்டு பக்கமும் நிழல் மரம். தலைச்சுமையை இன்னொருவர் கை இல்லாமல் இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல். தாகத்துக்குத் தண்ணீர்ப்பந்தல். ஒரு நாள் நடை முடிகிற இடத்தில் சத்திரம். மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாளைப் பாட்டிமார்கள் நினைவில் வைத்திருந்தது அவர் நடத்திய போர்களுக்காகவா? அவர் போட்ட சாலைகளுக்காகவும், வைத்த மரங்களுக்காகவும், கட்டிய சத்திரங்களுக்காகவும்தான். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் இன்றும் இருக்கிறது.

தஞ்சையில் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தவர்கள் மராட்டிய மன்னர்கள். காரணம் ராமேஸ்வரம். வடக்கிலிருந்து சேதுவுக்கு நடந்து வருகிறவர்களுக்குத் தஞ்சைச் சீமைதான் கடைசி நீண்ட கட்டம். தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாகக் கடற்கரையைப் பிடித்து, ராஜாமடம், மணமேல்குடி, மீமிசல் என்று தெற்கே போகும் அந்த வழி. தஞ்சையில் விடிகாலை புறப்பட்டு நடந்தால் பொழுது சாய்கிற நேரத்துக்கு ஒரத்தநாடு வந்துவிடும். சுமார் 22 கிலோமீட்டர். சத்திரங்கள் கண்ட இடத்தில் கட்டப்படவில்லை. மனிதக் காலின் வலியை அளந்து கட்டியிருக்கிறார்கள்.

இந்தச் சத்திரங்களின் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? நீடாமங்கலத்தில் யமுனாம்பாள், மணமேல்குடியில் திரௌபதாம்பாள், மீமிசலில் ராஜகுமாராம்பாள், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள். எல்லாம் பெண்கள் பெயர். கோட்டைக்கும் கொத்தளத்துக்கும் அரசர் பெயர். சோறு போடுகிற இடத்துக்குப் பெண் பெயர். இதில் நான் பெருமைப்படுவதா, பெருமூச்சு விடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

முக்தாம்பாள் முறைப்படி மணந்த அரசி அல்லர். இரண்டாம் சரபோஜி மன்னரின் அன்புக்குரியவராக இருந்து இறந்துபோனவர். அவர் நினைவாக 1802-ல் எழுந்தது ஒரத்தநாட்டுச் சத்திரம். யானையும் குதிரையும் இழுத்துப் போகிற தேர் போல முன்புறம் அமைத்திருப்பார்கள். உள்ளே கல் தூண், மர வேலைப்பாடு, முற்றம். படத்தைப் பார்த்தவுடன் தாஜ்மகால் ஞாபகம் வருவதில் தப்பில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தாஜ்மகால் இறந்தவருக்குக் கட்டிய கல்லறை. இது இறந்தவர் பெயரால் உயிரோடு இருப்பவர்களுக்குப் போட்ட சோறு. என்னைக் கேட்டால் இதுதான் ஒரு படி மேல்.

இந்தச் சத்திரம் எழுந்த காலத்தைக் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். சரபோஜி பட்டத்துக்கு வந்தது 1798. மறு ஆண்டே, 1799-ல், கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஒப்பந்தம். நாட்டு நிர்வாகம் கம்பெனி கைக்குப் போய்விட்டது. மன்னரிடம் மிஞ்சியது கோட்டையும் அதைச் சுற்றிய இடமும் ஆண்டுதோறும் ஒரு தொகையும். படை இல்லை, வரி இல்லை, வழக்கு விசாரணை இல்லை. இப்படிப்பட்ட நிலையில் ஒருவர் எதை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பார்? சரபோஜி பிடித்தது சத்திரங்களுக்காக.

1801-ல் தஞ்சையில் ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டாரினுக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று ஆவணமாக இருக்கிறது. சத்திரங்களும் அவற்றுக்கான ஊர்களும் தன் பொறுப்பிலேயே இருக்க வேண்டும் என்று கேட்கும் கடிதம். கேட்பதோடு நிற்காமல், சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று ஒரு பட்டியலே கொடுத்திருக்கிறார். என் வார்த்தையில் சுருக்கிச் சொல்கிறேன்.

வருகிறவர் எந்தச் சாதியானாலும் உணவு உண்டு. சமைத்த சோறு சாப்பிடாதவர்களுக்கு அரிசியாகவும் பண்டமாகவும் கொடுத்துவிடுவார்கள். நள்ளிரவு வரை பந்தி. அதன் பிறகு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள் என்று கூவி அழைப்பார்கள். நோயாளிக்கு மருந்தும் அதற்கேற்ற பத்தியச் சாப்பாடும், குணமாகும் வரை கவனிப்பும் உண்டு. விஷக்கடிக்கு வைத்தியம் தெரிந்தவர் இருப்பார். கைக்குழந்தைக்குப் பால். கர்ப்பிணிக்குத் தனிக் கவனிப்பு. அங்கேயே பிரசவமானால் செலவு சத்திரத்துடையது, மூன்று மாதம் தங்கிக்கொள்ளலாம். வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை உபாத்தியாயர் பொறுப்பில் விட்டு, சோறும் துணியும் கொடுத்து, விரும்பிய படிப்பைப் படிக்க வைத்து, கல்யாணச் செலவையும் ஏற்பார்கள். வழியிலேயே இறந்துபோனால் அவரவர் வழக்கப்படி இறுதிச் சடங்கு.

இதைப் படித்தவுடன் எனக்கு முதலில் தோன்றியது அந்த நள்ளிரவு மணிதான். பசித்தவன் வந்து கேட்டால் போடுவது ஒரு தர்மம். பசித்தவன் எவனாவது கூச்சப்பட்டு மூலையில் படுத்திருப்பானோ என்று மணி அடித்துத் தேடுவது வேறு. முப்பத்தைந்து வருடம் மதிய உணவு வரிசையை நிற்க வைத்தவள் நான். எல்லா வகுப்பிலும் தட்டைக் கொண்டுவராத பிள்ளை ஒன்று இருக்கும். பசி இல்லை டீச்சர் என்று சொல்லும். அதைத் தேடிப் போய்க் கூப்பிட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைத் திட்டத்திலேயே வைத்திருந்தார்கள் என்பதுதான் இந்தக் கடிதத்தில் எனக்குப் பெரிய விஷயம்.

ஒரு பழமொழி உங்களுக்குத் தெரியும். "சத்திரத்துச் சாப்பாட்டுக்குத் தாத்தையங்கார் உத்தரவு எதுக்கு?" பொதுவில் எல்லாருக்கும் வைத்திருப்பதை எடுத்துக்கொள்ள எவரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்று பொருள். அது கிண்டலாகச் சொல்கிற பழமொழிதான். ஆனால் ஒரு சமுதாயம் இதைப் பழமொழியாக்கும் அளவுக்கு அந்தச் சோறு உரிமையாக இருந்திருக்கிறது.

இத்தனையும் சொல்லிவிட்டு இன்னொரு பக்கத்தைச் சொல்லாமல் போனால் நான் ஆசிரியை அல்ல, விளம்பரதாரர். எல்லாருக்கும் சோறு என்பது எல்லாரும் ஒரே பந்தி என்று ஆகாது. அடுப்பும் பந்தியும் சாதிப்படிதான் இருந்தன. 'அவரவர் வழக்கப்படி' என்ற சொல்லுக்குள் எத்தனை சுவர்கள் இருந்தன என்று நமக்குத் தெரியும். காலம் போகப் போக இது இன்னும் சுருங்கியது. சத்திரத்துப் பணம் பெரும்பாலும் பிராமணர்களின் சாப்பாட்டுக்கும் சமஸ்கிருதப் படிப்புக்குமே போகிறது என்பது நீதிக்கட்சியினர் வைத்த குற்றச்சாட்டு. மன்னர் பெருமை பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டுப் பேசுகிறார்கள். மன்னரைத் திட்டுகிறவர்கள் அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் திட்டுகிறார்கள். இரண்டையும் விரித்து வைத்துத்தான் படிக்க வேண்டும்.

சரி, சத்திரம் எப்படிச் செத்தது? யாரும் கொல்லவில்லை. ரயில் வந்தது. 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. மூன்று நாள் நடை சில மணி நேரமானது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் ராமேஸ்வரத்துக்கே ரயிலில் போய் இறங்கலாம் என்றாகிவிட்டது. அப்புறம் மணமேல்குடி வழியாக யார் நடப்பார்கள்? வழிப்போக்கர் இல்லாத வழியில் சத்திரம் மட்டும் நின்றது.

இது நம் ஊருக்கு மட்டும் நடந்ததல்ல. இங்கிலாந்தில் இதே காலத்தில் கோச்சு வண்டி விடுதிகள் என்று இருந்தன. 1784-ல் அங்கே தபால் கோச்சுகள் ஓடத் தொடங்கியபின் அந்த விடுதிகளுக்குப் பொற்காலம். சந்தை ஊர்களின் நடுவே பெரிய வளைவு வாசல், உள்ளே முற்றம், குதிரை லாயம், மேலே அறைகள். களைத்த குதிரையை அவிழ்த்துப் புதுக் குதிரையைப் பூட்டுகிற நேரத்தில் பயணி ஒரு வாய் சாப்பிட்டுக்கொள்வார். ரயில் வந்ததும் அவையும் படுத்துவிட்டன. லண்டனில் சதர்க் பகுதியில் ஜார்ஜ் இன் என்று ஒன்று இருக்கிறது. அதன் முற்றத்தைச் சுற்றியிருந்த கட்டடத்தின் பெரும்பகுதியை இடித்தது ரயில்வே கம்பெனியேதான். எஞ்சிய ஒரு பக்கத்தை இன்று நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை வைத்திருக்கிறது. அங்கே இன்னும் மனிதர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

ஆனால் அந்த விடுதிக்கும் நம் சத்திரத்துக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு. அங்கே காசு கொடுத்தால்தான் அறை, சாப்பாடு. பயணி வராவிட்டால் வருமானம் இல்லை, கதவை மூட வேண்டியதுதான். இங்கே சத்திரத்துக்கு நிலம் விட்டிருந்தார்கள். பயணி வந்தாலும் வராவிட்டாலும் குறுவையும் சம்பாவும் விளைந்தன. குத்தகை நெல் வந்தது. அதாவது வேலை போய்விட்டது, சொத்து இருந்தது. இந்தச் சொத்தை இனி எதற்குச் செலவழிப்பது? இந்தக் கேள்வி ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நம்மவர்கள் முன்னால் வந்து நின்றுவிட்டது.

1855-ல் சரபோஜியின் மகன் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததோடு தஞ்சை அரசும் முடிந்தது. சத்திரங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போய், பிறகு ஜில்லா போர்டின் நிர்வாகத்துக்கு வந்தன. 1920களில் தஞ்சை ஜில்லா போர்டுக்குத் தலைவராக இருந்தவர் நீதிக்கட்சியைச் சேர்ந்த சர் ஏ.டி. பன்னீர்செல்வம். அவர் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொன்னார். ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் சத்திரப் பணத்தில் மாணவர் விடுதிகள் நடத்தி, அதுவரை வாசல் திறக்காத சாதிப் பிள்ளைகளை உள்ளே சேர்த்தார். சத்திர வருவாயில் நடந்த திருவையாறு சமஸ்கிருதக் கல்லூரியில் தமிழ் வித்துவான் படிப்புக்கும் இடம் கிடைத்தது. இன்றைய அரசர் கல்லூரி அதுதான். 1940-ல் லண்டன் போகும் வழியில் விமானத்தோடு மறைந்துபோனார் அந்த மனிதர்.

அவர் செய்ததைப் பலர் சத்திரத்தின் நோக்கத்தை மாற்றியதாகப் பேசுவார்கள். என் கருத்து வேறு. அவர்தான் சத்திரத்தை மறுபடி சத்திரமாக்கினார். ராமேஸ்வரத்துக்கு நடந்தவன் போய்விட்டான். அவன் இடத்தில் வேறொருவன் நடந்து வந்துகொண்டிருந்தான். பள்ளிக்கூடம் இல்லாத கிராமத்திலிருந்து, கையில் துணிமூட்டையோடு, படிக்க ஆசைப்பட்டு வந்த பையன். அவனும் வழிப்போக்கன்தான். அவன் போகிற ஊர் இன்னும் தூரம். அவனுக்கு இரண்டு வேளைச் சோறும் படுக்க ஒரு திண்ணையும் இருந்தால் போய்ச் சேர்ந்துவிடுவான்.

என் பெரியப்பா அப்படி ஒரத்தநாட்டில் சத்திர விடுதியில் தங்கிப் படித்தவர். எங்கள் வம்சத்தில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள். "தினமும் வேளாவேளைக்குச் சோறுன்னு ஒண்ணு உண்டுன்னு எனக்கு அங்கதாம்மா தெரியும்" என்று சொல்வார். அவர் வாத்தியார் ஆனார். அவர் என் அப்பாவைப் படிக்க வைத்தார். அப்பா, பெண் பிள்ளைக்கு எதற்கு என்று ஊர் சொன்னதைக் கேட்காமல் என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பினார். நான் எத்தனை பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. இதில் முக்தாம்பாளுக்குப் பங்கு இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது குழுவின் இரண்டு யோசனைக்கு வருகிறேன்.

அருங்காட்சியகம். யோசனை சொன்னவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனால் நம் சிற்றூர்களில் அருங்காட்சியகம் எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? திறப்பு விழாவுக்கு மந்திரி வருவார். முதல் வருடம் பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் கூட்டிப் போவோம். மூன்றாம் வருடம் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு எரியாது. ஐந்தாம் வருடம் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். மனிதர் புழங்காத கட்டடத்தில் முதலில் வௌவால் குடியேறும், அப்புறம் அரசமரம் முளைக்கும். வீடு பூட்டிக் கிடந்தால் என்ன ஆகும் என்று கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும். ஜார்ஜ் இன் பற்றிச் சொன்னேனே, அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவில்லை. அடுப்பு எரியவிட்டுத்தான் காப்பாற்றுகிறார்கள்.

பாரம்பரிய ஓட்டல். இவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பழுது பார்க்கப் பணம் வேண்டும், பணம் வானத்திலிருந்து விழாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. யாருக்காக நள்ளிரவில் மணி அடித்தார்களோ, அந்த ஆள் அந்த ஓட்டல் வாசலில் வந்து நின்றால் காவலாளி என்ன செய்வார்? அரண்மனையை ஓட்டலாக்குங்கள், நான் கேட்க மாட்டேன். அது முன்பும் எங்களுக்குத் திறந்ததில்லை. சத்திரம் அப்படி இல்லை. ஏழைக்கென்று எழுதி வைத்த சொத்தில் பணக்காரனுக்கு மெத்தை போடுவது சரி என்று எந்தக் கணக்கில் வரும்?

"அதுதான் வழிப்போக்கரே இல்லையே, பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது, ஊருக்கு ஊர் லாட்ஜ் இருக்கிறது" என்பார்கள். அவர்களை ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு எந்த மாவட்டத் தலைநகரத்து அரசு மருத்துவமனைக்காவது அழைத்துப் போக ஆசை. உள்ளே நோயாளி. வெளியே மரத்தடியிலும் நடைபாதையிலும் செய்தித்தாளை விரித்துப் படுத்திருப்பவர்கள் யார்? மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டு வந்த தாய். பாம்பு கடித்த கணவனைத் தூக்கி வந்த பெண். கூலிக்குப் போகிற சனம், லாட்ஜ் வாடகை இரண்டு நாள் கூலி. சரபோஜியின் பட்டியலில் பிரசவமும் விஷக்கடியும் இருந்தன அல்லவா? ஆட்கள் மாறவில்லை. படுக்கிற இடம்தான் திண்ணையிலிருந்து தெருவுக்கு வந்துவிட்டது.

இன்னொரு கூட்டம், தேர்வு எழுதப் போகிற பெண்கள். காலை ஒன்பது மணிக்குத் தேர்வு, மையம் வேறு ஊரில். முதல் பஸ் பிடித்தாலும் போய்ச் சேராது. முந்தின நாளே போனால் எங்கே தங்குவது? நான் பணியில் இருந்தபோது ஆறு பெண் பிள்ளைகளை விளையாட்டுப் போட்டிக்கு வெளியூர் அழைத்துப் போனேன். தனியாக வந்த பெண்களுக்கு அறை இல்லை என்று இரண்டு லாட்ஜில் கையை விரித்தார்கள். ஆண் துணை இல்லை என்பதுதான் காரணம். கடைசியில் ஒரு பள்ளியின் வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு, நான் கதவோரம் நாற்காலி போட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். அந்த இரவில் எனக்குத் தேவைப்பட்டது சத்திரம்தான். அந்தச் சொல் அப்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே என் கட்சி இது. சத்திரத்தைக் காப்பாற்றுவது என்றால் அதன் வேலையைக் காப்பாற்றுவது. அதற்கு மூன்று காரியம் நடக்க வேண்டும்.

முதலாவது கணக்கு. தஞ்சாவூரில் மாவட்ட ஆட்சியரின் கீழ் சத்திர நிர்வாகம் இன்றும் இருக்கிறது. எந்தச் சத்திரத்துக்கு எவ்வளவு நிலம், எங்கே, யார் சாகுபடி செய்கிறார்கள், என்ன குத்தகை, என்ன பாக்கி, எதற்குச் செலவு? இது வருடத்துக்கு ஒரு முறை கிராமசபையில் படிக்கப்பட வேண்டும். மன்னர் காலத்தில் அரிசி, உப்பு, விறகு வரை மோடி எழுத்தில் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்த ஆவணங்களின் தமிழாக்கத்தைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது. இருநூறு வருடத்துக்கு முந்தின உப்புக் கணக்கு படிக்கக் கிடைக்கிறது. இந்த வருடக் குத்தகைக் கணக்கும் அதைப் போலவே ஊராருக்குக் கிடைக்க வேண்டாமா?

இரண்டாவது பழுது பார்க்கும் முறை. இந்தச் சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் எழுந்தவை. அவை மூச்சு விடும். மழை ஈரத்தை வாங்கி வெயிலில் விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று சுவரை அரிக்கும். பார்க்கப் புதிதாக இருக்கும், பத்து வருடத்தில் பொரிந்து விழும். சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுங்கள். அவர்கள் கையிலிருந்து நாலு இளைஞர் கற்றுக்கொள்ளட்டும். "விடுதி வைத்தால் பிள்ளைகள் கட்டடத்தைக் கெடுத்துவிடுவார்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். குழாயும் கழிப்பறையும் பழைய சுவரோடு ஒட்டாமல் பின்னால் தனியாகக் கட்டுங்கள். கெடுவது பெரும்பாலும் தண்ணீரால்தான், பிள்ளைகளால் அல்ல.

மூன்றாவது பயன்பாடு. முகப்பு மண்டபம் எல்லாருக்கும் பார்க்கத் திறந்திருக்கட்டும். அங்கே அந்த 1801 கடிதத்தைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வையுங்கள். பன்னீர்செல்வம் செய்ததையும் பக்கத்தில் எழுதுங்கள். சாதிப்படி பந்தி நடந்ததையும் மறைக்காமல் எழுதுங்கள். அருங்காட்சியகக் கட்சிக்கு இதோடு திருப்தி வரலாம். மீதி இடம் தங்குவதற்கு. உறுதியாக நிற்கிற சத்திரங்களில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு விடுதி. ஊரின் தேவைக்கு ஏற்பத் தேர்வுக்கு வருகிற பெண்களுக்கும் நோயாளிகளோடு வருகிறவர்களுக்கும் இரவு தங்க இடம். கட்டணம் ஒரு சாப்பாட்டு விலைக்கு மேல் வேண்டாம். இல்லாதவரிடம் அதுவும் வேண்டாம். முடிந்தால் ராத்திரி ஒரு மணி அடியுங்கள்.

பணம் எங்கே என்று கேட்பவர்கள் முதல் காரியத்துக்குத் திரும்பிப் போய்க் கணக்கைக் கேட்க வேண்டுகிறேன்.

சரபோஜிக்கு நாடு போய்விட்டது, சத்திரம் போகக்கூடாது என்று எழுதிக் கேட்டார். நமக்கு நாடு இருக்கிறது, ஓட்டு இருக்கிறது, தகவல் அறியும் சட்டம் இருக்கிறது. கேட்பதற்கு என்ன தயக்கம்? உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ சத்திரம் ஒன்று இருந்தால், அடுத்த கிராமசபைக்குப் போகும்போது ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கொடுங்கள்: இந்தச் சத்திரத்துக்கு எவ்வளவு நிலம், போன வருடம் அதில் என்ன வந்தது? பதில் வந்தாலும் வராவிட்டாலும் எனக்குத் தெரிவியுங்கள். ஒரு நோட்டுப் போட்டு ஊர்வாரியாகக் குறித்து வைக்கப் போகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு வேறு என்ன வேலை?